கொட்டை எழுத்தும் சுழிக்குள் இருக்கும் வெளியும்

எழுத்தும் அச்சும்: வாசகர் கேள்வி பதில்

தடித்த தூரிகையால் கைப்பட வரைந்து, பிறகு கணினி எழுத்துருவாக மாற்றப்படும் தலைப்பெழுத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருந்தேன். கடைப்பலகை, துணிப்பை, திருவிழாச் சுவரொட்டி ஆகியவற்றுக்கு அத்தகைய எழுத்து ஏற்றது என்றும், புத்தகத்தின் உட்பக்கங்களை அதில் கோக்கக் கூடாது என்றும் அதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் காவிரிப் படுகை ஊர்களிலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே, கண் தெரியவில்லையா?’ என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நீங்கள் சொல்லும் தலைப்பெழுத்து அதுதானா? கணினியிலுள்ள ஏதேனும் ஓர் எழுத்துருவைத் தெரிவுசெய்து ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால் அதே பயன் கிடைத்துவிடாதா?
— கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: அதேதான். விளம்பர எழுத்து, டிஸ்ப்ளே எழுத்துரு என்று இன்று பல பெயர்களில் வழங்குவதைத்தான் நம் பாட்டிமார் கொட்டை எழுத்து என்றார்கள். உட்கார்ந்து படிக்க வேண்டிய எழுத்து ஒரு வகை. போகிற போக்கில் பார்க்க வேண்டிய எழுத்து இன்னொரு வகை. முதல் வகை கண்ணை உறுத்தாமல் கருத்துக்கு வழிவிட வேண்டும். இரண்டாம் வகையோ, தெருவின் எதிர்ச்சாரியில் சைக்கிளில் போகிறவரையும் ஒரு கணம் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும்.

ஆனால், அந்த வேலையைப் பொத்தான் செய்து தராது. ஓர் எழுத்துருவுக்கென்று தனியே தடித்த வடிவம் வரையப்படாதபோது, கணினி அதன் மெல்லிய கோட்டைச் சுற்றி ஒரே சீராகப் பருமனைக் கூட்டிவிடுகிறது. ரோமன் எழுத்தில் இது ஓரளவு ஒப்பேறும். தமிழில் சுழிகள் இருப்பதால் ஒப்பேறாது. மூன்று சுழி ‘ண’வை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். ஒரே எழுத்துக்குள் கோடு எத்தனை முறை ஏறி, வளைந்து, இறங்குகிறது என்பது தெரியும். கோட்டின் பருமனை அப்படியே இருமடங்காக்கினால், அந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுப் போகும். வாசலைத் தாண்டி நிற்பவருக்கு அது மூன்று சுழியா, இரண்டு சுழியா என்பதே விளங்காது. ‘ஞ’, ‘இ’, ‘ஐ’, ‘ணூ’, ‘ஜ’ ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

தேர்ந்த கைக்கு இது பழக்கத்தில் வந்துவிடுகிறது. வெளிக்கோட்டைத் தாராளமாக இழுத்து, உள்ளே இறங்கும் கால்களைச் சற்று மெலியவிட்டு, எழுத்தின் அகலத்தைக் கூட்டி, சுழியின் நடுவே ஒரு மிளகு உருளும் அளவுக்காவது வெளியை விட்டுவிடும். கொட்டை எழுத்தின் கனத்தைத் தாங்குவது இந்த வெள்ளை இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவையே.

கணினி எழுத்துருக்களிலும் அக்கறையோடு செய்தவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். ‘கேட்டமரான்’ என்னும் தமிழ் எழுத்துருக் குடும்பத்தில் மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 படிநிலைகள் உள்ளன. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவின் ‘பாலூ தம்பி’ தடித்த உடலும் உருண்ட முனைகளும் கொண்டது. அத்தனை பருமனிலும் அதன் சுழிகளுக்கு மூச்சு முட்டவில்லை. இரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இறக்கி, பெரிய அளவில் அச்சிட்டு, பொத்தானால் தடித்த எழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோமன் எழுத்தில் இதற்கு மூத்த முன்மாதிரி, சிகாகோவில் விளம்பர எழுத்துகள் வரைந்துவந்த ஆஸ்வால்ட் கூப்பரின் ‘கூப்பர் பிளாக்’. 1922-இல் வெளிவந்த அந்த எழுத்தில் கூர்முனையே கிடையாது. வட்ட எழுத்துகளின் உள்வெளி சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பேனா பிடித்த கையிலிருந்து வந்தது. உலோகத்தில் வார்த்த பிறகும் அது மறையவில்லை என்பதுதான் அந்த எழுத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம்.

கேள்வி: எங்கள் அச்சகத்துக்குப் புதிதாகத் தலைப்பெழுத்துருக்கள் வாங்க இருக்கிறோம். விற்பவர்கள் காட்டும் மாதிரிப் பக்கத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது. எந்த எழுத்துகளைப் பார்த்து முடிவு செய்வது?
— அச்சக உரிமையாளர், பட்டுக்கோட்டை

பதில்: மாதிரிப் பக்கத்தில் ‘அம்மா’, ‘தமிழ்’, ‘வணக்கம்’ ஆகிய சொற்களே பெரும்பாலும் இருக்கும். அவை எந்த எழுத்துருவிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் உங்கள் ஊர்ச் சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள்: ‘தஞ்சாவூர்’, ‘மன்னார்குடி’, ‘ஞாயிறு’, ‘கண்ணூஞ்சல்’, ‘ஏழூர்ப் பல்லக்கு’. ‘ஞ்சா’ என்ற சேர்க்கையில் ‘ஞ’வின் புள்ளி மேலே உயர்ந்து தனித்து நிற்கிறதா, எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த எழுத்துக்குச் சிறு புள்ளி வைப்பது மிகப் பரவலான குறை. புள்ளியின் விட்டம் ஏறத்தாழக் கோட்டின் பருமன் அளவுக்காவது இருந்தால்தான் தூரத்திலிருந்து மெய்யெழுத்து மெய்யாகத் தெரியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ‘ர’வும் துணைக்காலும். ‘ர’வுக்குக் கீழே இடப்புறம் சாய்ந்திறங்கும் அந்தச் சிறு கீற்று இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றே. மேலே புள்ளியோ, இகரக் குறியான விலங்கோ (‘ி’) இருந்தால் குழப்பம் வராது என்பதால், ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றைக் கீற்றில்லாமல் எழுதும் வழக்கம் பழைய அச்சிலும் உண்டு. ஆனால், உயிர்மெய் ‘ர’ தனியே நிற்கும்போது கீற்று கட்டாயம் வேண்டும். இதை நான் அனுபவித்துக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அரவை மில்லுக்குப் பலகை எழுதினேன். பெயர் ‘சர’ என்று தொடங்கும். அடிக்கோடு ஒரே நேராக இருக்க வேண்டும் என்ற ஆசையில் ‘ர’வின் கீற்றை அடியோடு நறுக்கி, எல்லா எழுத்துகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தினேன். பலகையை ஏற்றிய அன்று, உரிமையாளரின் தாயார் வாசலில் நின்று முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து ‘சா’ என்று படித்தார். புதுக் கடைவாசலில் அந்த ஓசை கேட்டதும் அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அன்று மாலையே பலகையை இறக்கி, தரைவண்ணம் பூசி, மறுபடி எழுதிக் கொடுத்தேன். உங்கள் அச்சகத்தில் ‘குமரன்’, ‘சரண்யா’, ‘அரசு’ ஆகிய சொற்களைத் தட்டிப் பார்க்காமல் எந்த எழுத்துருவையும் வாங்காதீர்கள்.

‘எ’யும் ‘ஏ’யும் இதே போன்றதோர் இணை. தொல்காப்பியம் குறிலான எ, ஒ ஆகியவற்றின்மேல் புள்ளியிடச் சொல்கிறது. ஓலையிலும் கல்லிலும் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டதால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே நின்றன. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த திருத்தத்தின் வழியே வந்ததுதான் இன்று நாம் காணும் வேறுபாடு. ‘ஏ’யின் காலடியிலுள்ள அந்தச் சிறு கீற்றைத் தடித்த எழுத்தில் மழுக்கிவிட்டால், அவர் தீர்த்த குழப்பத்தை நாம் திரும்பக் கொண்டுவந்தவர்களாவோம்.

கேள்வி: தமிழ் அச்செழுத்து முதன்முதலில் எங்கள் ஊரில்தான் உருவானது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தரங்கம்பாடி

பதில்: முதல் என்று சொல்ல முடியாது. தமிழ் எழுத்தை அச்சாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. எனினும், அச்செழுத்தின் அளவைப் பற்றி நமக்குப் பெரியதொரு பாடம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்குவின் குழுவுக்காக, ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அவை மிகப் பெரியவை. தமிழ் பழகாத கைகள் இத்தனை சுழிகளைச் சிறிய அளவில் செதுக்க இயலாமற்போனது வியப்பில்லை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது என்ற நிலையில், அருகிலேயே இருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற குறிப்பும் உண்டு. புதிய ஏற்பாட்டின் அச்சு 1715-இல் நிறைவுற்றது.

ஹாலே எழுத்து இன்று நம் கையில் இருந்தால் அதை நாம் தலைப்புக்கு வைத்துக்கொள்வோம். அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது படிக்கும் எழுத்து. பெரிதாக இருப்பதாலேயே ஓர் எழுத்து எல்லா வேலைக்கும் ஆகிவிடாது என்பதைத் தாளும் செலவும் அவர்களுக்கு உணர்த்தின.

கேள்வி: பெரிய கோயில் கல்வெட்டு எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு தடித்த எழுத்துரு செய்தால் தஞ்சைக்கே உரிய அடையாளமாக இருக்குமல்லவா?
— வரைகலைப் பணியாளர், தஞ்சாவூர்

பதில்: விருப்பம் நல்லது. எனினும், 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோயிலின் அடித்தளப் பகுதியான அதிட்டானத்தில் ஓடும் எழுத்துகளை அருகில் சென்று பார்த்தால், அவை உளி கீறிய மெல்லிய கோடுகள் என்பது தெரியும். அவற்றின் அழகு சீரான இடைவெளியிலும், ஒரு எழுத்தின் வளைவு அடுத்த எழுத்துக்கு இடம் விட்டு ஒதுங்கும் பாங்கிலும் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தடிப்பாக்கினால் கல்வெட்டின் சாயல் போய்விடும். மேலும், அங்கே புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. பல எழுத்துகள் இன்றைய வடிவிலும் இல்லை. எனவே வடிவை நகலெடுக்காமல், அந்த இடைவெளி உணர்வை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சென்றால் வெட்டுகளின் ஆழம் நன்றாகத் தெரியும். தஞ்சையின் அடையாளத்தைக் கனமான எழுத்தில் தேடுவதென்றால், கீழவாசல் பக்கத்துப் பழைய கடைகளில் மிஞ்சியிருக்கும் எனாமல் பலகைகளே என் கண்ணுக்கு நெருக்கமானவை.

கேள்வி: எங்கள் டிகிரி காபிக் கடைக்குக் கையெழுத்துச் சாயலில் தடித்த பெயர்ப்பலகை வைக்கப்போகிறோம். அளவு, நிறம், ஆங்கிலப் பெயர் ஆகியவற்றை எப்படி அமைப்பது?
— கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். தமிழகக் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும், ஆங்கிலம் அடுத்தும், பிறமொழி அதற்கடுத்தும், 5:3:2 என்ற விகிதத்தில் இடம்பெற வேண்டும். இதை வெறும் கட்டளையாகப் பார்க்க வேண்டாம். எழுத்தின் இயல்புக்கும் அது பொருந்துகிறது. ஆங்கிலப் பேரெழுத்து முழு உயரத்தையும் நிரப்பி நிற்கும். தமிழ் எழுத்துக்கு மேலே விலங்கும் புள்ளியும், கீழே சுழியும் காலும் இடம் கேட்பதால், ஒரே உயரத்தில் எழுதினால் தமிழின் உடல் சிறுத்துத் தெரியும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று பலகைத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். தமிழுக்கு நான் ஒன்றரை அங்குலம் வைப்பேன். சாலையின் எதிர்ப்புறம் நாற்பதடியில் இருந்தால் ஆறங்குலத்துக்குக் குறையாத எழுத்து வேண்டும்.

‘டிகிரி’ என்ற சொல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது எழுதுகிறவருக்கு வாய்த்த சொல். டி, கி, ரி என்று மூன்று மேல்விலங்குகள் வரிசையாக வருகின்றன. கணினியில் சாதாரண எழுத்துருவில் தட்டினால் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போல் நிற்கும். கையெழுத்துச் சாயல் அந்த இடத்திலேயே காணாமற்போகும். கையால் எழுதுகிறவர் முதல் விலங்கைச் சற்று அகலமாக வளைப்பார், நடுவிலுள்ளதை அடக்குவார், கடைசியை நீட்டி முடிப்பார். மூன்றும் சேர்ந்து ஓர் அலையாகும். நல்ல கையெழுத்து எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை வைத்திருப்பது இதற்காகத்தான். பலகை செய்பவரிடம் மாற்று வடிவம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு சொல்லையாவது எழுதத் தெரிந்த ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, பிறகு கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். நம் ஊரில் அதற்குக் கைகளுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணத்தின் கவின் கலைக் கல்லூரி ஓவியர்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது, பத்திரிகை ஓவியத்தில் பெரும்பெயர் பெற்ற கோபுலுவும் கும்பகோணத்தில் ஓவியம் பயின்றவரே.

நிறத்தைப் பொறுத்தவரை இரண்டு போதும். பித்தளை டபராவின் மஞ்சளைத் தரையாக்கி, காபிக் கொட்டையின் கரும்பழுப்பில் எழுதினால் பகலிலும் மாலையிலும் தெளிவாகத் தெரியும். எழுத்துக்கு நிழல் வைப்பதென்றால் ஒரு பக்கம் மட்டும், சுழிக்குள் விழாத அளவுக்கு வையுங்கள்.

கேள்வி: நெல் விதை மூட்டைகளில் ரகத்தின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிடுகிறோம். வாங்க வருகிறவர்கள் எண்ணை மாற்றிப் படித்துவிடுகிறார்கள். எழுத்துருவில் குறையா?
— விதை விற்பனையாளர், ஆடுதுறை

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. ஆடுதுறை 36, 38, 39 என்று அடுத்தடுத்து எண்களாக ரகங்கள் இருக்கின்றன. 36 குறுகிய காலத்தில் அறுவடைக்கு வருவது. 38 வயது கூடிய ரகம். எண்ணைத் தவறாகப் படித்து விதைத்தால் ஒரு பட்டத்தின் தண்ணீர்க் கணக்கே மாறிப்போகும். 6, 8, 9 ஆகிய மூன்றும் வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை; தடித்த எழுத்தில் உள்வெளி அடைந்துவிட்டால் மூன்றும் ஒரே உருண்டையாகிவிடும். அதிலும் மூட்டையின் நெசவுப் பரப்பில் மை பரவும்.

எண்களுக்கு மட்டும் வேறொரு எழுத்துருவை வையுங்கள். 6-இன் தலையும் 9-இன் வாலும் வட்டத்திலிருந்து நன்றாக விலகித் திறந்திருக்க வேண்டும். 8-இன் மேல்வட்டம் கீழ்வட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ‘ஆடுதுறை’ என்ற பெயரை உருண்ட கொட்டை எழுத்தில் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். முளைப்புத்திறன், குவியல் எண், காலாவதி நாள் ஆகியவற்றை எளிய, நேரான எழுத்தில், ஒதுக்கமாக அச்சிடுங்கள். அவற்றைக் கொட்டை எழுத்தில் போட்டால் எதுவுமே கண்ணில் நிற்காது. ஒரு மூட்டையில் ஒரே ஒரு சொல்தான் உரக்கப் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு காடாத் துணியில் மஞ்சள் பை தைத்து, திருமணங்களுக்குப் பெயர் அச்சிட்டுத் தருகிறது. ஸ்கிரீன் அச்சில் எழுத்து கசிகிறது.
— சுய உதவிக் குழு உறுப்பினர், வேதாரண்யம்

பதில்: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை வந்த பிறகு, அதிலும் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு, இந்த வேலை பல ஊர்களில் பெருகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. துணியின் இழை மையை உறிஞ்சி எல்லாப் பக்கமும் இழுக்கும். ஆகவே கோடு தாளில் இருப்பதைவிடத் தடிக்கும். வெளி தாளில் இருப்பதைவிடச் சுருங்கும். சுழிக்குள் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கும் எழுத்தைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்துகளுக்கு நடுவிலும் வழக்கத்தைவிடச் சற்று அதிக இடம் விடுங்கள். மெல்லிய எழுத்தும் உதவாது, அதன் கோடு இழைகளுக்கு இடையில் அறுந்துபோகும். மணமக்கள் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால் போதும். மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் அழைப்பிதழ் சொல்லிக்கொள்ளும்.

கேள்வி: யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளைப் புதிய தலைப்பெழுத்துகளில் சிலர் திரும்பக் கொண்டுவருகிறார்கள். இது சரியா?
— பள்ளி ஆசிரியை, நீடாமங்கலம்

பதில்: பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தத்தில், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ணா, றா, னா முதலான ஒன்பதும் என 13 எழுத்துகளைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. அதற்குப் பின் பள்ளிக்கு வந்தவர்கள் பழைய வடிவைப் பாடநூலில் கண்டதில்லை. ஐகாரக் குறியான சங்கிலிக்கொம்பு (‘ை’) தனியே இடம் பிடிக்காததால் பழைய வடிவில் சொல்லின் நீளம் குறையும். தும்பிக்கையின் வளைவும் தூரிகைக்கு இன்பமானது. இவற்றை நான் மறுக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கடை, தன் பழைய பலகையின் எழுத்தை அப்படியே காப்பாற்றிக்கொள்வதை மனமார வரவேற்பேன். ஆனால், நேற்றுத் தொடங்கிய கடை பழமையைக் காட்டுவதற்காக அதை எடுத்துப் பூசிக்கொள்ளும்போது, உங்கள் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அந்தப் பலகையின் முன் திகைத்து நிற்கிறது. எனக்கு அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது.

கேள்வி: யூனிகோடு தலைப்பெழுத்துருவைப் படத்தொகுப்பு மென்பொருளில் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஏன்?
— டி.டி.பி. பணியாளர், மயிலாடுதுறை

பதில்: யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு ஒற்றைக்கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது, கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. பழைய பதிப்புகள் அதைச் செய்வதில்லை. ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளில், எழுத்து அமைப்புகளுக்குள் சென்று, உலக மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள். கொம்பைக் கையால் நகர்த்தி ஒட்டுவது, அடுத்தமுறை கோப்பைத் திருத்தும்போது உங்களுக்கே இடையூறாகும்.

கேள்வி: கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும் இப்போது இதே உருண்டை எழுத்தைப் போடுகிறார்கள். தகுமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தகாது. உருண்ட முனையும் துள்ளும் அடிக்கோடும் கொண்ட எழுத்து, படிப்பதற்கு முன்பே ஒரு மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது. துக்கத்துக்கு நேராக நிற்கும் அமைதியான எழுத்தே போதும், பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதுவே மரியாதை.

கேள்வி: என் தந்தை நாற்பது ஆண்டுகளாகச் சுவர் எழுத்தும் கடைப்பலகையும் எழுதுகிறவர். பிளக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. அவருடைய எழுத்தை ஓர் எழுத்துருவாக மாற்ற ஆசைப்படுகிறேன். 247 எழுத்தையும் அவர் எழுத வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
— மென்பொருள் பணியாளர், மன்னார்குடி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவசியம் செய்யுங்கள்.

247 வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளியிட்ட மெய் 18. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு, ஔகாரக் குறி என்று தனியே நிற்கும் குறிகள் 5. இவற்றைக் கொண்டே ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் அமைந்துவிடும். எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் இ, ஈ, உ, ஊ வரிசைகள்தான் உழைப்பைக் கேட்பவை. 18-க்கு நான்காக 72. ஆகமொத்தம் 126 வடிவங்கள். ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ முதலியவற்றையும் எண்களையும் நிறுத்தற்குறிகளையும் சேர்த்தால் இன்னும் சில பத்துகள் கூடும்.

உகர வரிசையை ஒரே நாளில் எழுதச் சொல்லாதீர்கள். அதில் மூன்று குடும்பங்கள் உண்டு. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுற்றுபவை. ஙு, சு, பு, யு, வு ஆகியவை நேரே கீழிறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவை காலை மடக்கி மேலேறுபவை. ஒரு நாளைக்கு ஒரு குடும்பமாக எழுதினால் கையின் ஓட்டம் ஒரே சீராக வரும். தாளில் சிறிதாக எழுதச் சொல்வதும் வேண்டாம். அவர் கை பழகியது சுவருக்கு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி விரித்து, நூல் பிடித்துக் கோடடித்து, அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் தட்டைத் தூரிகையிலேயே ஓரடி உயரத்துக்கு எழுதட்டும். எழுதும்போது கைப்பேசியில் படம் பிடியுங்கள். எந்தக் கோட்டை முதலில் இழுக்கிறார், எங்கே தூரிகையைத் திருப்புகிறார் என்பது முடிந்த எழுத்தில் தெரியாது. முதலில் ‘ண’, ‘ஞ’, ‘ழு’ ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றின் சுழிகளில் அவர் எவ்வளவு வெளி விடுகிறார் என்பதே உங்கள் எழுத்துருவின் அளவுகோல்.

பிறகு அவற்றைக் கணினியில் கோட்டுருவாக (வெக்டராக) மாற்றும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. கணினி, நடுங்கிய ஓரத்தையெல்லாம் வழவழப்பாக்கித் தரும். அதைப் பாதியில் நிறுத்துங்கள். சுவரின் சொரசொரப்பால் வந்த பிசிறை நீக்கலாம். தூரிகை திரும்பிய இடத்துச் சாய்வை நீக்கக் கூடாது. ‘க’, ‘ம’, ‘ல’, ‘கி’, ‘டி’ ஆகிய அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இரண்டு வடிவம் எடுத்துவையுங்கள். எழுத்துரு செய்வதற்கு ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் கட்டணமில்லா மென்பொருள் இருக்கிறது. திறந்த உரிமத்தில் பொதுவுக்குத் தருவதா, விற்பதா என்பதைத் தந்தையே முடிவு செய்யட்டும். எதுவானாலும் எழுத்துருவின் தகவல் பகுதியில் வரைந்தவராக அவர் பெயர் முதலில் இருக்க வேண்டும். பலகையின் மூலையில் அவர் சிறிதாகத் தம் பெயரை எழுதிவைப்பாரல்லவா, அதற்கு நிகர் அதுதான்.

அவர் முன்பு எழுதிய சுவர்களும் பலகைகளும் உங்கள் ஊரைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கும். அவற்றைச் சாய்வில்லாமல் நேர் எதிரே நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்குவதற்கு முன் போய்வந்துவிடுங்கள்.